கொடியை இழுக்காதே, மருமவனே!

வாய்யா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. ஒரத்தநாட்டு கால்நடை மருத்துவக் கல்லூரியில எடம் கெடைச்சா சேரப் போறியாமே, எங்க அக்கா தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுது. ரொம்ப சந்தோசம். நீ மாட்டு டாக்டராயிட்டா எனக்கும் எருமைக்கும் ஒரே எடத்துல வைத்தியம் பாத்துக்கலாம், பஸ் காசு மிச்சம்.

பரீட்சைக்குன்னு நீ சத்தம் போட்டு ஒப்பிச்சதை நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கருவைச் சூழ்ந்த சவ்வு நாலு: ஆம்னியான், கோரியான், அலண்டாயிஸ், கருவுணவுப்பை. நாலும் அந்தக் காலத்துக் கலெக்டர் தொரைங்க பேருன்னு நெனச்சுட்டேன். ஆனா அதே நாலும் நம்ம கொட்டாயில கன்னுக்குப் பின்னாடி வந்து விழுறப்ப, நீ மூக்கைப் பொத்திக்கிட்டு வைக்கப்போர் பக்கம் ஒதுங்குற ஆளு. புஸ்தகத்துல இருக்குற வரைக்கும் அது அலண்டாயிஸ். சாணிக்குப் பக்கத்துல கெடந்தா அசிங்கம். நல்லா இருக்குய்யா உன் படிப்பு.

கன்னு பொறந்தா ஊரே வந்து கேக்கும்: காளையா, கெடேரியா? நெத்தியில சுட்டி இருக்கா? உம்பளச்சேரிக் கன்னா இருந்தா இன்னொரு வம்பும் உண்டு. பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறேழு மாசத்துல சாம்பலாயிடும், வெவரம் தெரியாதவன் கன்னை மாத்திட்டாங்கன்னு பஞ்சாயத்துக்கு வந்துடுவான். இத்தனை பேச்சுல, அந்தச் சவ்வெல்லாம் சேந்து விழுற எளங்கொடியைப் பத்தி எவனாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கானா? அது தாய்மாட்டு ஒடம்புலேருந்து பிஞ்சு விழுந்த ஏதோ கழிவுன்னுதானே நீயும் நெனச்சே? கேட்டுக்க. அது கன்னோட சொந்தச் சொத்து. சினையான அந்த ஒத்தை முட்டையில ஒரு பங்கு கன்னாவும் மறு பங்கு கொடியாவும் பிரிஞ்சுதான் வளந்துச்சு. கன்னுக்குக் காலு மொளைக்குமுன்னாடியே கொடி வேலைக்குப் போயிடுச்சு. வேலை முடிஞ்ச அன்னைக்கு அதை நாய்க்குப் போடுறோம்.

முதல்லேருந்து வர்றேன். தவளையை எடுத்துக்க. ஐப்பசி மழை புடிச்ச ராத்திரி நடவு வயல்ல கச்சேரி வைக்கும், விடிஞ்சு பாத்தா வரப்போரத் தண்ணியில வழவழன்னு முட்டை. அதுக்கு மேல ஒரு கொழகொழப்புப் பூச்சு, வேற போர்வை கெடையாது. தண்ணி வத்துனா வமிசமே கருவாடு. அதனால தவளை இன்னைக்கும் மேட்டூர் தொறப்பையும் மழையையும் நம்பித்தான் பொழைக்குது. சிரிக்காதே, ஜூன் 12 வந்தா நாமளும் மேட்டூரைப் பாத்துதான் வாயைப் பொளக்கிறோம். ஆனா கோழி, பல்லி, நல்லபாம்பு, ஆமை, மாடு, நீ, நானு எல்லாம் வேற கூட்டம். 30 கோடி வருசத்துக்கு முன்னாடி நம்ம பூட்டனுக்குப் பூட்டன் ஒருத்தனுக்குக் கரையேறணும்னு ஆசை, புள்ளைக்கோ தண்ணி இல்லாம ஆவாது. என்ன பண்ணுனான்? கொளத்தையே முட்டைக்குள்ள வெட்டிட்டான். அந்தக் கொளம்தான் ஆம்னியான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க பனிக்குடம்னு சொல்றது அதைத்தான். கரு அதுல மெதக்கும், அடி படாது, காயாது, கையி காலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது.

இதுல ஒரு விசயம் நம்ம ஊருக்காரனுக்கு ஒறைக்கணும். டெல்டாக்காரன் தண்ணி வரலைன்னா ரோட்டை மறிப்பான். வடிகால் தூர்ந்து கெடந்தா கண்டுக்க மாட்டான், கார்த்திகையில சம்பா முங்குன பொறவுதான் அந்த ஞாபகம் வரும். முட்டைக்குள்ள இருக்குற குஞ்சு நம்மளவிட புத்திசாலி. கொளம் வெட்டுன கையோட வடிகாலையும் வெட்டிடுச்சு. அதுதான் அலண்டாயிஸ். ஓட்டுக்குள்ள 21 நாளு அடைஞ்சு கெடக்குற குஞ்சு வெளிய போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வர முடியுமா? அந்தப் பையிலதான் எல்லாத்தையும் ஒதுக்கி வைக்குது. அதையும் தண்ணியில கரையாத யூரிக் அமிலமா மாத்தி வைக்குது, திரும்பி ஒடம்புல ஏறாம இருக்க. அடுத்த தடவை குஞ்சு பொறிச்சதும் ஓட்டைத் தூக்கி எறியாம உள்பக்கம் பாரு. ரத்தக்கோடு ஓடுன சவ்வும், அதுல வெள்ளையா ஒட்டிக் கெடக்குற அழுக்கும் தெரியும். 21 நாள் கணக்கு அது.

அந்த வடிகாலு வேற வேலையும் பாக்குது. பை பெருசாகிப் பெருசாகி, வெளிச்சவ்வான கோரியானோட ஒட்டி, ஓட்டுக்கு அடியில ரத்தக்கொழாயா விரிஞ்சுடும். முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத பல ஆயிரம் துளை இருக்கு. அது வழியா நல்ல காத்து உள்ள வரும், கெட்ட காத்து வெளிய போகும். கடைசி ரெண்டு நாளு வரைக்கும் குஞ்சுக்கு மூச்சு இதுதான், நுரையீரலு சும்மா படுத்துக் கெடக்கும். ஏழாம் நாள் ராத்திரி அடை முட்டையை எடுத்து உன் மொபைல் டார்ச்சுல வச்சுப் பாரு, செவப்பு நரம்பு ஓடும். கிரிக்கெட் பாக்குறதுக்கு மட்டும் கண்டுபிடிச்சதில்லய்யா அந்த மொபைலு. கிரேக்க தேசத்துல அரிஸ்டாட்டில்னு ஒருத்தரு 2,300 வருசத்துக்கு முன்னாடி டார்ச்சும் இல்லாம, நாளுக்கு ஒரு முட்டையா ஒடைச்சுப் பாத்து, மூணாம் நாள்ல துடிக்கிற செவப்புப் புள்ளியையும், கருவைச் சுத்தியிருக்குற சவ்வையும் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. ஒடைச்ச முட்டைக்கு அவரு வீட்டுல என்ன திட்டு வாங்குனாரோ, அதை மட்டும் எழுதல.

அடையில ஒக்காந்த கோழி முட்டையை மூக்கால உருட்டிக்கிட்டே இருக்கும், பாத்திருப்பே. கோழிக்குப் பொழுது போகாம உருட்டலை. உருட்டலைன்னா கருவும் சவ்வும் ஓட்டோட ஒட்டிக்கிட்டு குஞ்சு உள்ளயே செத்துப்போகும். அதனாலதான் மெஷின்ல அடை வைக்கிறவனும் 18 நாள் வரைக்கும் முட்டையைத் திருப்பிக்கிட்டே இருக்கான். சரி, அப்போ எல்லா முட்டையையும் உருட்டலாமான்னு கேப்பே, உன் புத்திக்கு. கோடியக்கரைப் பக்கம் பங்குனி ஆமை கரையேறி மணல்ல முட்டை போடுதுல்ல? அதைப் போட்ட ராத்திரியே வனத்துறை ஆளுங்க அப்படியே அலுங்காம எடுத்துக்கிட்டுப் போயி பொரிப்பகத்து மணல்ல பொதைக்கிறாங்க. ஏன் அவ்வளவு அவசரம்? ஒரு நாளு கழிஞ்சா ஆமைக்கருவும் அதோட சவ்வும் ஓட்டு மேல்பக்கத்துல ஒட்டிக்கும், அப்புறம் தலைகீழாப் பொரட்டுனா கரு செத்துடும். கோழி முட்டையைத் திருப்பாம விட்டா சாவு, ஆமை முட்டையைத் திருப்புனா சாவு. அதனால பெரிய மனுசன் சொன்னான்னு எதையும் எல்லாத்துக்கும் போட்டுப் பாக்காதே. நான் சொன்னாலும்தான்.

கருவுணவுப்பையைப் பத்தி ரெண்டே வார்த்தை. பொறிக்கிறதுக்கு முந்தி மிச்ச மஞ்சக்கருவைப் பையோட தொப்புளு வழியா வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் குஞ்சு ஓட்டை ஒடைக்கும். நாமக்கல், பல்லடத்துலேருந்து ஒரு நாள் குஞ்சு அட்டைப்பெட்டியில ஏறி, தீனி தண்ணி இல்லாம ஊரு ஊரா வந்து எறங்குதே, வயித்துல கட்டிக்கிட்டு வந்த அந்தச் சோத்துப் பொட்டலம்தான் ரெண்டு மூணு நாளு தாங்குது. மனுசக் கருவுல மஞ்சக்கரு கெடையாது. ஆனா பை இருக்கு! முதல் ரத்தம் அதுலதான் ஊறுது. சோறு இல்லைன்னாலும் களஞ்சியத்தை இடிக்காம வேற வேலைக்கு வச்சுக்கிட்டான்.

அசிங்கம்னியே, அதுக்கு வர்றேன். வருசா வருசம் பிப்ரவரியில கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுறாங்கல்ல, உங்க அம்மா புடவைத் தலைப்புல கோழியைச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போவுமே? இமயமலைப் பக்கம் ராணிகேத்னு ஒரு ஊரு பேரை வச்சிருக்கான் அந்த நோவுக்கு. வெள்ளையா கழிஞ்சு, கழுத்து திருகி, ஒரே வாரத்துல தெருக்கோழியெல்லாம் போயிடும். றெக்கைக்குக் கீழ குத்துற அந்த ஊசி மருந்து எங்க வளருதுன்னு நெனக்கிற? 9, 10 நாள் அடைகாத்த முட்டையில, அந்த வடிகால் பைக்குள்ள கிருமியைச் செலுத்துறான். அது அங்க பெருகுது. அந்தப் பைத் தண்ணியை உறிஞ்சி எடுத்து, ஒறைய வச்சு, காய வச்சு மருந்தாக்குறான். நம்ம தமிழ்நாட்டுல 1932லேயே ராணிப்பேட்டையில கால்நடை மருந்துக்குன்னு ஒரு நிலையம் வந்தாச்சு, இப்ப கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம்னு பேரு. சீமையில போடுற ஃப்ளூ ஊசியில பாதிக்கு மேல இப்படித்தான், கோழிக்கருவோட ஒண்ணுக்குப் பையில வளந்தது. பிரசவத்துல விழுற பனிக்குடச் சவ்வைப் பதப்படுத்தி, தீக்காயத்து மேல போர்த்துறாங்க, கண் ஆஸ்பத்திரியில கருவிழிப் புண்ணு மேல ஒட்டுறாங்க. இப்ப மூக்குலேருந்து கையை எடு.

இனிமே மாட்டுக் கதை, இதுதான் உனக்குச் சோறு போடும். மாட்டுக்கு முதல்ல எட்டிப் பாக்குற குடம் வெளிக்குடம். அது ஒடைஞ்சா வெளிறுன மஞ்சள்ல தண்ணியாக் கொட்டும், நான் சொன்ன வடிகாலுத் தண்ணி அது. பின்னாடி வர்றது பனிக்குடம். வெள்ளையா, வழவழப்பா, அதுக்குள்ள ரெண்டு குளம்பு தெரியும். அந்த வழவழப்புலதான் கன்னு வழுக்கிக்கிட்டு வெளிய வரணும். சில வீராதிவீரனுங்க குடத்தைப் பாத்த ஒடனே நகத்தால கிழிச்சுவிட்டு, வழவழப்பெல்லாம் தரையில போன பொறவு கயிறு கட்டி இழுப்பானுங்க. நீயும் யூடியூப் பாத்துட்டு அந்தப் படையில சேந்துடாதே. மாடு முக்கட்டும், நீ சும்மா நில்லு. சும்மா நிக்கிறதுக்கு உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லைன்னு அக்காவே சொல்லும்.

கன்னு விழுந்தாச்சு, எழுந்தாச்சு. கொடி தொங்குது. இப்பத்தான் ஊருல ஆளாளுக்கு டாக்டரு. ஒருத்தன் கல்லைக் கட்டுங்கறான், இன்னொருத்தன் பழஞ்செருப்பைக் கட்டுங்கறான். மாட்டுக்கு என்ன பேஷனா? மாட்டோட கர்ப்பப்பையில 70லேருந்து 120 வரைக்கும் பித்தான் இருக்கு. அத்தனையிலயும் கொடி தனித்தனியா மாட்டிக்கிட்டு ஒம்போது மாசம் கன்னுக்குச் சோறு ஊட்டியிருக்கு. ஒவ்வொரு பித்தானா அவுந்து வரணும், பன்னெண்டு மணி நேரம்கூட ஆவலாம். நீ கல்லைக் கட்டி இழுத்தா சட்டை கிழியும், பித்தான் உள்ளயே நிக்கும், அது அழுகி, சீழ் புடிச்சு, அடுத்த சினை நிக்காது. சில சமயம் கர்ப்பப்பையே வெளிய தள்ளிக்கிட்டு வந்துடும்.

இதுக்கு நம்ம தஞ்சாவூர்லேயே, கால்நடைப் பல்கலைக்கழகத்து மையத்துல இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒரு கைவைத்தியம் சொல்லிக் குடுத்தாரு. இப்ப தேசிய பால்வள வாரியமே அதை நாடெல்லாம் பரப்புது. கன்னு போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு முழு வெள்ளை முள்ளங்கி. எட்டு மணி நேரமாகியும் விழலைன்னா ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேத்துக் குடு. பன்னெண்டு மணி நேரமும் தாண்டிட்டா, தொங்குற கொடியை அடிப்பக்கமா ஒட்டி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ரெண்டு அங்குலம் கீழ அறுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுடு. கையை மட்டும் உள்ள விடாதே. மாடு தீனி எடுக்கலையா, காய்ச்சலா, நாத்தமா? பெருமை பேசாம 1962க்குப் போன் போடு, கால்நடை ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. எளங்கொடி விழுற வரைக்கும் கன்னுக்குப் பாலு விடக்கூடாதுன்னு ஒரு சட்டம். யாரு போட்ட சட்டம்? நம்ம பாட்டிமாருங்க. அதை எதிர்த்துப் பேச நானும் எழுவது வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, இப்பத்தான் அவங்க யாரும் இல்லை. உங்க அம்மா உன்னைச் சொமந்தப்பவே, நஞ்சுக்கொடி வழியா நோயெதிர்ப்பு சரக்கு உனக்கு வந்துடுச்சு. மனுசக் கொடி கர்ப்பப்பைச் சுவத்தைக் கொடைஞ்சு போயி தாய் ரத்தத்துலயே முங்கி நிக்கும், நடுவுல பாடப்புத்தகக் கணக்குக்கு 3 அடுக்குதான். மாட்டுக்கொடி மரியாதைக்காரக் கொடி. சுவத்தைக் கொடையாது, பித்தான்ல ஒட்டிக்கிட்டுத் தள்ளியே நிக்கும், நடுவுல 6 அடுக்கு. சோறும் காத்தும் தாண்டும், அந்தச் சரக்கு தாண்டாது. அதனால கன்னு பூமிக்கு வர்றப்ப வெறுங்கையோட வருது. கொடி குடுக்காம விட்டதையெல்லாம் சீம்பாலு குடுக்கணும். அதுவும் எப்போ? கன்னு கொடலு அந்தச் சரக்கை முழுசா உள்ள விடுறது முதல் கொஞ்ச மணி நேரம்தான், ஒரு நாளு போனா கதவு சாத்திடும். 20 கிலோ கன்னுன்னா ரெண்டு லிட்டர், முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிடணும். நீ கொடி விழட்டும்னு பொழுது விடியிற வரைக்கும் கன்னைக் கட்டிப்போட்டா, பத்தாம் நாளு கழிச்சல்ல போகும். அப்புறம் கண்ணு பட்டுடுச்சுன்னு மொளகா சுத்திப் போடுவீங்க.

வேடிக்கையைக் கேளு. கன்னு மடியை முட்டி ஊட்டுறப்ப மாட்டு ஒடம்புல ஊறுற சுரப்பு பாலை மட்டும் எறக்காது, கர்ப்பப்பையையும் சுருக்கிவிடும். அதாவது, கன்னு ஊட்டுனாத்தான் கொடி சுருக்கா விழும். கொடி விழுந்தாத்தான் ஊட்டணும்னு இவனுங்க கன்னைத் தூணுல கட்டிவச்சிருக்கானுங்க.

சந்தைக்குப் போறப்ப ஒரு சேதி. இரட்டைக்கன்னுல ஒண்ணு காளை, ஒண்ணு கெடேரின்னா அந்தக் கெடேரியை, எவ்வளவு அழகா இருந்தாலும், எவ்வளவு கொறைச்சுச் சொன்னாலும் வாங்காதே. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அது மலடு. ஏன்னா உள்ள இருக்கறப்ப ரெண்டு கன்னோட கொடியும் ஒட்டி, ரத்தக்கொழாயெல்லாம் ஒண்ணாப் போயிடும். காளைக்கன்னோட சுரப்பு தங்கச்சி ஒடம்புல ஏறி, அதோட கருப்பையை வளரவிடாது. இங்கிலாந்துல ஜான் ஹன்டர்னு ஒரு டாக்டரு 1779லேயே இந்த மாட்டை அறுத்துப் பாத்து எழுதிட்டாரு, ஆனா காரணம் கொடிதான்னு அமெரிக்காவுல லில்லின்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு சொன்னது 1916ல. நம்ம தரகன் வாயைத் தொறந்து சொல்ல மாட்டான், நீதான் கேக்கணும்: "கூடப் பொறந்தது எங்கய்யா?" இன்னொண்ணு. இது மாட்டுக் கணக்கு. ஆணும் பொண்ணுமா இரட்டையாப் பொறந்த மனுசப் புள்ளைங்களுக்கு இது பொருந்தாது. எதிர்வீட்டு இரட்டைப் புள்ளையைப் பாத்து எதையாவது ஒளறி அடி வாங்கிட்டு என் திண்ணைக்கு ஓடி வராதே.

விழுந்த கொடியை என்ன பண்றது? விட்டா மாடே தின்னுடும், தொண்டையில அடைச்சுக்கும், செமிக்காம கெடக்கும். அதான் நம்ம ஆளுங்க வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துக் கெளையில கட்டித் தொங்கவிட்டாங்க. ஆலமரத்துல பாலு வடியிற மாதிரி மாட்டுக்கும் பாலு சொரக்கும்னு நம்பிக்கை. பாலு சொரந்துச்சோ இல்லையோ, நாய்க்கும் மாட்டுக்கும் எட்டாம இருந்துச்சு, அந்த வகையில கெட்டிக்காரத்தனம்தான். ஆனா இப்ப நான் பொதைக்கத்தான் சொல்லுவேன், மூணடி ஆழத்துல, சுண்ணாம்பு தூவி. அதுவும் ஆறேழு மாசத்துல கன்னு கலைஞ்ச மாடுன்னா மரத்துல ஏத்தற பேச்சே கூடாது. கருச்சிதைவு நோவு, புருசெல்லோசிஸ்ங்கறானே, அந்தக் கிருமிக்குக் கொடிதான் கோட்டை. ஒரு நாயி அதை இழுத்துக்கிட்டுத் தெருவுல ஓடுனா ஊர் மாடு அத்தனைக்கும் ஆபத்து, வெறுங்கையில எடுத்தா உனக்கும் மாசக்கணக்குல காய்ச்சலு. கையுறை மாட்டு. நாலு மாசத்துலேருந்து எட்டு மாசத்துக்குள்ள கெடேரிக் கன்னுக்கு இதுக்கு ஒரு ஊசி போடுறாங்க, வாழ்நாளுக்கு ஒரு தடவை போதும், அரசாங்க ஆஸ்பத்திரியில காசும் கெடையாது. அதைப் போட்டாச்சான்னு முதல்ல உங்க அப்பனைக் கேளு.

தை பொறந்தா நம்ம மயிலைப் பசு கன்னு போடும், நாளு நெருங்குது. ராத்திரி நீதான் கொட்டாயில படுக்கணும், புஸ்தகத்தையும் எடுத்துக்க, முள்ளங்கியையும் எடுத்துக்க. கன்னு ரெண்டு லிட்டர் குடிச்சு முடிச்ச பொறவு மிச்சம் இருக்குற சீம்பால்ல மாமனுக்கு ஒரு கிண்ணம் அனுப்பிவையி. வெல்லம் தூக்கலா இருக்கட்டும், ஏலக்காயை மறந்துடாதே.